திருநாளைப்போவாரும் திருக்கோயில் வாயிலும்

வழிபாட்டுக் காலத்தில் திருக்கோயிலில் முரசு முழங்கக் கேட்டு நாம் மெய்சிலிர்க்கின்றோம். அம்முரசின் முகத்தைப் போர்த்த தோலைத் தந்தவர் யாவர் என எண்ணிப் பார்ப்பார் சிலரே. அங்ஙனம் எண்ணிப் பார்த்த பெருமகனார் ஒருவர் நம் ஊரப்பாக்கத்துக்கு அணித்தே தோன்றியவர். தாம்பரத்தைக் கடந்து வடக்கே சென்றால் காணும் குன்றத்தூரே சேக்கிழார் பெருமான் அவதரித்த திருப்பதியாகும்.

அநபாயன் எனப் போற்றப்பெறும் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) அமைச்சராய் விளங்கிய சேக்கிழார், அரசன் உள்ளத்தை அடியார் வரலாற்றின்பால் திருப்பத் திருத்தொண்டர் புராணத்தை அருளினார் என்பதும், அந்நூலை மன்னன் யானைமேல் ஏற்றித் தில்லையில் உலா வரச் செய்தான் என்பதும் மரபு.

அந்நூலில் வரும் திருநாளைப்போவார் ஆதனூரிலே, தீண்டத்தகார் என ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர். பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் சிவாலயங்களுக்கு அளித்தலே அவர் திருத்தொண்டு. அவர் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. அவரோ புறத்தே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தான். தில்லையிலோ அவர் தீயிற் புகுந்த பின்னரே திருமுன் சென்றார்.

இத்தகைய வரலாற்றை அரசே யானைமேல் ஏற்றிப் போற்றியும், அவர் குலத்தாருக்குக் கோயில் வாயில் திறந்ததில்லை. நூலுக்குப் பூசை நிகழ்ந்தது. நூல் உணர்த்திய பொருள் உள்ளத்திற் புகவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வரலாற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். சேக்கிழார் வாக்கில் இல்லாத நிலக்கிழாராகிய வேதியர் ஒருவரை அவர் படைத்தார். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்தாலன்றித் தில்லை செல்ல விடையில்லை என அவ்வேதியர் தடுத்ததையும், முடிவில் அவரே நந்தனாரைப் பணிந்ததையும் கதையாக்கினார். மூலத்தினின்று வேறுபட்டமையால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார்கள். மடத்திற் கற்ற எளியேனும் அத்தயக்கத்தைப் பகிர்ந்தவனே. ஆயினும் உழவன் படும் பாட்டைப் பண்டிதர் அவைக்குப் புறத்தும் பலர் கேட்டுக் கண்ணீர் உகுத்தது அக்கீர்த்தனைகளாலன்றோ! காலட்சேபத்தில் ஒலித்த அக்கதை பின்னர்த் திரைக்கும் வந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும், 1942இல் தேவார இசைவாணர் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர்.

இங்ஙனம் கலை உள்ளத்தைப் பண்படுத்தி வந்த காலத்தே அரசியலும் துணைக்கு வந்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1939 சூலை 8இல் மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட அன்பர்களுடன் மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்தார். இராஜாஜி அமைச்சரவை அவ்வாண்டே அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1947இல் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ தீண்டாமையையே ஒழித்தது. தீயிற் புகுந்து வா என இனி எவ்வடியாரையும் ஏவுவார்க்கு உரிமை இல்லை.

கலை தனித்து நின்றால் யானைமேல் ஏறும்; வாயிலைத் திறவாது. சட்டம் தனித்து நின்றால் வாயிலைத் திறக்கும். வரவேற்கும் உள்ளத்தைத் தாராது. இரண்டும் கூடிய இடத்தேதான் சமுதாயம் திருந்துகின்றது.

திருப்பணிக்குப் பொருள் ஈந்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம், அது முறையே. முரசுக்குத் தோல் தந்தவர், கல் சுமந்தவர், சுண்ணம் குழைத்தவர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. குடமுழுக்கு நன்னீர் தெளிக்கப்படும்போது அன்னாரும் அவர்தம் மக்களும் புறத்தே தயங்கி நில்லாது நம்மோடு திருமுன் நிற்றல் வேண்டும். சேக்கிழார் பிறந்த நாட்டார்க்கு இது தலையாய கடன்.

திருச்சிற்றம்பலம்.