தருமபுரி நடுகற்கள்

இன்றைய தருமபுரிப் பகுதியான தகடூர் நாட்டில் பல்லவர் காலம் முதல், ஆநிரைப் பூசலில் (கால்நடைகளைக் கவர்வதும் மீட்பதுமான சண்டையில்) மாண்ட வீரர்களுக்கு நடப்பட்ட நினைவுக் கற்கள். வில்லும் வாளும் ஏந்திய உருவத்தோடு, மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் தலைவன், மாண்ட விதம் ஆகியவற்றை வட்டெழுத்தில் சுருக்கமாகச் சொல்பவை. அரண்மனை மெய்க்கீர்த்திகள் மறந்த எளிய மனிதர்களின் வரலாறு இது.

அண்டைச் செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் இடம்பெறுகிறது. கள்வர் இருவரைக் கடித்ததாம்!

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவின் ஜெர்மானியக் குடிகளும் தலைவனுக்காக உயிர்விடுவதைப் பெருமையாகக் கருதின. அக்குடிகளுள் ஒன்றான ஃபிராங்குகளின் சாலிக் சட்டம் கால்நடைத் திருட்டுக்கு விரிவான தண்டங்களை விதித்தது. அச்சட்டப்படி, கொலையானவரின் சுற்றத்துக்குக் கொன்றவன் ஈட்டுத்தொகை தர வேண்டும்.

இங்கோ, மாண்ட வீரனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’, ‘நெத்தோர்பட்டி’ என்று நிலம் வழங்கப்பட்டது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இந்நடுகற்கள் பலவற்றைக் காணலாம்.