‘போதும்’ என்பது யாருக்குச் சொன்ன சொல்? ஏலமலைச் சரிவில் செல்வமும் விசுவாசமும்

2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் இடுக்கி மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன; ஏலச்செடிகள் தூரோடு அழுகின. வரத்து குறைந்ததால் மறு ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. போடிநாயக்கனூர் வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் கடன் வாங்குகிறார்கள், கல்யாணம் முடிக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள். விலை ஏறிய ஆண்டை இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் “கர்த்தர் ஆசீர்வதிச்சிட்டார்” என்று சொல்வது வழக்கம். நன்றியிலிருந்து வரும் அந்தச் சொல்லில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதையே ஒரு கோட்பாடாக்கி, விசுவாசத்தின் அளவுக்குத்தான் செல்வம் வரும் என்று போதிக்கும்போது ஏலமலை அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது.

2019இல் ஒருவர் பெற்ற விலையும் 2018இல் இன்னொருவர் இழந்த தோட்டமும் ஒரே மழையின் விளைவுகள். விலையைத் தேவதயவின் அளவுகோல் என்றால், தோட்டத்தை மண்சரிவு கொண்டுபோன விசுவாசியின் நிலையை என்னவென்பது? யோபுவின் நண்பர்கள் இதே தர்க்கத்தைத்தான் பேசினார்கள். அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே தீர்ப்பளிப்பதோடு அந்த நூல் முடிவை நெருங்குகிறது. கென்னத் ஹேகின் போன்ற அமெரிக்கப் பிரசங்கிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்த்த செழிப்புப் போதனை, ஒலிநாடா, தொலைக்காட்சி, நற்செய்திக் கூட்டங்கள் வழியே தமிழ்நாட்டுக்குள் பரவியது. விதைத்த காணிக்கை பலமடங்காகத் திரும்பும் என்ற அதன் கணக்கு, விலை எப்போது எகிறும் என்று காத்திருக்கும் ஊரில் எளிதில் வேர்பிடிப்பதில் வியப்பில்லை.

இதற்கு மறுமொழியாகச் சபைகளில் வழக்கமாக முன்வைக்கப்படுவது மனநிறைவுப் போதனை: உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று இரு. இந்தப் போதனை யாருடைய காதில் போய் விழுகிறது என்பதையே இக்கட்டுரை கேட்கிறது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள்தான் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் குனிந்து காய் எடுக்கிறார்கள். ஏலக்காய் தூரின் அடியில், மண்ணையொட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. பழுத்ததை மட்டும் விரல் நுனியால் தேர்ந்து எடுக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்துகூடத்தில் உலர்ந்த பின் ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். தோட்டங்களோ பெரும்பாலும் போடி, கம்பம் பகுதித் தமிழ்க் குடும்பங்களுடையவை. அல்லது 1940கள் தொடங்கித் திருவிதாங்கூரின் சமவெளியிலிருந்து மலையேறிய சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. முதலாளியும் கூலியாளும் ஒரே வேதத்தை வாசிப்பவர்களாக இருக்கும் தோட்டங்களும் இங்கே உண்டு. அங்கே “போதும்” என்ற பிரசங்கத்தைக் கூலியாளுக்குச் செய்வது வேதத்தைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

மூலத்தைப் பார்ப்போம். எந்த நிலையிலும் மனநிறைவாக இருக்கக் கற்றேன் என்ற பொருளில் பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது அவர் காவலில் இருந்தார். எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவிக்கு நன்றி சொல்லும் பகுதி அது. அவர் தம்மைப் பற்றிச் சொன்னாரே தவிர, பிறரைப் பசியோடு பொறுத்திருக்கச் சொல்லவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் இன்னும் தெளிவானது. அதன் கண்டிப்பு ஐசுவரியவான்களாக விரும்புவோர் மீது விழுகிறது. அதிகாரத்தின் இறுதியில் ஏற்கெனவே செல்வம் உள்ளவர்கள் தாராளமாகக் கொடுக்கும்படி கட்டளை பெறுகிறார்கள். யாக்கோபோ ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுவதாக எழுதுகிறார். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் இதே நெறியைத் தொழிலாளர் பிரச்சினைக்குக் கொண்டுவந்தது: நெருக்கடியால் குறைந்த கூலிக்கு ஒருவர் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் அநியாயத்தை நியாயமாக்காது. ஆகவே, என் வாசிப்பில் மனநிறைவு முதலில் உடைமையாளருக்கு இடப்பட்ட ஒழுக்கம். கூலியாளுக்கு உரியது நீதி. இரண்டையும் குழப்பும்போது பக்தி சுரண்டலுக்குக் காவலாகிறது. அப்படியொரு பக்தியை நாம் சும்மா விட்டுவிடக் கூடாது.

உடைமையாளரின் சோதனை எங்கே இருக்கிறது என்பதை லூக்கா 12இல் வரும், விளைச்சலைக் குவித்துவைக்கப் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த செல்வனின் உவமை காட்டுகிறது. ஏலக்காய் பதுக்கி வைக்கத் தோதான சரக்கு. விலை இன்னும் ஏறும் என்று மூட்டையை இருப்பு வைத்தவர் பலர். ஆனால் ஈரம் ஏறினால், வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் மங்கும். ஏலக்கூடத்தில் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கும் வியாபாரி அந்த மங்கலைத்தான் முதலில் கவனிப்பார்.

இதற்கு மாற்றான பொருளியல் மரபு ஒன்று தென் தமிழகக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே இருக்கிறது. செழிப்புப் போதனையை மறுப்பவர்கள்கூட அதைப் போதிய அளவு பேசுவதில்லை. சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்த பெண்களின் பிடியரிசிக் காணிக்கை அதில் ஒன்று. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரும், பின்னாளில் தோர்ணக்கல் பேராயருமான வே. ச. அசரியா, ஏழைச் சபையும் கொடுக்கும் சபையாக இருக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். கொடுப்பவர் பிறர் தயவில் வாழ்பவராக நிற்பதில்லை என்ற தன்மானம் அந்த வற்புறுத்தலில் உண்டு. இன்னொன்று அறுப்பின் பண்டிகை. சி.எஸ்.ஐ. சபைகளில் அன்று வாழைத்தாரும் முருங்கைக்காயும் சேவலும் பலிபீடத்தண்டை வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். ஒரு தேங்காயைக் கடை விலையைப் போலப் பலமடங்கு கொடுத்து எடுக்கிறவர் லாபத்தை எதிர்பார்ப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் விலை என்பது சந்தையின் ஆணையை மீறி, உறவின் அளவாக நிற்கிறது. பெந்தெகொஸ்தே மரபுக்குள்ளும் இதற்குச் சான்று உண்டு: 1924இல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் முழுநேர ஊழியர்கள் சொந்த உடைமையைத் துறந்து கூட்டாக வாழ்கிறார்கள். பெந்தெகொஸ்தே என்றாலே செழிப்புப் போதனைதான் என்பது தவறான கணிப்பு.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். செழிப்பை வாக்களிக்கும் சிறு சபைகளில் சேர்ந்த குடும்பங்களில் குடி நின்றது, வட்டிக்கடன் குறைந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள் என்பார்கள். இது உண்மை; கூலிக் குடும்பத்துக்கு நாளை இருக்கிறது என்று சொன்ன முதல் குரல் பல நேரம் அந்தச் சபையுடையதுதான். ஆனால் அங்கே வேலை செய்தது குடிக்குப் போகாமல் வீட்டில் நின்ற கூலிப்பணமும், ஒருவரையொருவர் தாங்கும் சிறு கூட்டமும்தான். பலமடங்கு திரும்பும் என்று கடன் வாங்கிக் காணிக்கை போடும்போது அந்த ஆதாயமே கரைகிறது. அந்தக் குடும்பம் வசதியாக வாழ விரும்புவது பேராசை அல்ல; அதற்கு வழி நியாயமான கூலி. அறுப்பின் பண்டிகையன்று நன்றியின் சங்கீதங்களோடு யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும் என்று நான் கோருவது இதனால்தான். அதைக் கேட்கும் தோட்டக்காரர் அந்த வாரமே கூலிக் கணக்கைத் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர்.