திரையும் பொத்தானும் இல்லாத கல்குலேற்றர்

ஒரு கல்குலேற்றரில் 25 காரணியம் அடித்துப் பாருங்கோ. 1.551121004 என்று வரும். பக்கத்தில் 10 இன் 25ஆம் வலு என்று இருக்கும். உண்மையில் அந்த விடைக்கு 26 இலக்கங்கள். பத்தைக் காட்டிவிட்டு மிச்சத்தைக் கருவி விழுங்கிவிடுகிறது. பரீட்சைக்கு அது தாராளம். ஆனால் மிச்ச இலக்கங்களும் வேணும் என்று ஒருவர் அடம்பிடித்தால்?

அப்படி அடம்பிடித்த இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வந்தோம். ரொபேர்ட் மொரிஸ், லொரிண்டா செரி. இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள். யுனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்ததும் அங்கேதான். 1970இல் அங்கே பிடிபி-11 என்ற புதிய கணினி வந்து இறங்கியது. ஒரு கணினி வந்தால் முதலில் அசெம்பிளர் எழுதுவார்கள், பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே அந்த ஒழுங்கு மாறிவிட்டது. அசெம்பிளர் வருவதற்கு முன்பே அந்த இயந்திரத்தில் ஓடியது ஒரு கல்குலேற்றர்! 'டெஸ்க் கல்குலேற்றர்' என்பதைச் சுருக்கி அதற்கு 'டிசி' என்று பெயர். யுனிக்ஸில் இன்றுவரை உயிரோடு இருக்கிற மிகப் பழைய செய்நிரல்களில் அதுவும் ஒன்று.

பிடிபி-11 ஒரு 16 பிட் இயந்திரம். ஒரே மூச்சில் அது பிடித்து வைத்திருக்கக்கூடிய ஆகப்பெரிய எண் 65,535. அதைக்கொண்டு 26 இலக்கத்தை எப்படிக் கணக்கிடுவது? மொரிஸும் செரியும் கண்ட வழி நாங்கள் இரண்டாம் வகுப்பில் படித்த வழிதான். எண்ணைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு பைட்டிலும் 0 முதல் 99 வரையான ஒரு துண்டை வைத்தார்கள். ஒன்றிலிருந்து தொடங்கி, மிஞ்சியதை அடுத்ததற்குக் கொண்டுபோய்க் கூட்டினார்கள். கொப்பியில் நாங்கள் பத்துப் பத்தாகச் செய்ததை அவர்கள் நூறு நூறாகச் செய்தார்கள். நினைவகம் தீரும்வரை எண் நீளலாம். தசமத்துக்குப் பிறகு எத்தனை தானம் வேண்டும் என்பதைப் பாவிக்கிற ஆளே தீர்மானிக்கலாம்.

டிசியோடு பேசுகிற முறைதான் வேடிக்கை. 3 + 4 என்று எழுதினால் அது ஏற்காது. முதலில் 3, பிறகு 4, கடைசியில் கூட்டல் குறி. வெள்ளைக்காரருக்கு இது தலைகீழ். எங்களுக்கோ 'மூன்றையும் நாலையும் கூட்டு' என்று வினையைக் கடைசியில் வைப்பதுதான் வழக்கம், ஆகவே டிசி கிட்டத்தட்டத் தமிழ்தான் பேசுகிறது. (இதைச் சொல்லித்தான் எங்களில் ஒருவருக்கு அதை விளங்கப்படுத்தினோம்.)

எல்லாருக்கும் அது ஒத்துவரவில்லை. 1975இல் அதே இருவரும் 'பிசி' என்ற இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். இதில் வழமையான கணிதம் மாதிரியே எழுதலாம். சைன், கோசைன், மடக்கை எல்லாம் உண்டு. சொந்தமாகச் சார்புகளையும் எழுதலாம். ஆனால் அந்தப் பிசி தானாக ஒரு கணக்கும் செய்யவில்லை. நீங்கள் எழுதியதை டிசியின் மொழிக்கு மாற்றி அதனிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான். சின்னச் சின்னச் செய்நிரல்களைக் குழாய் மாதிரிப் பொருத்தி வேலை வாங்குவது என்ற யுனிக்ஸ் எண்ணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இருபது வருடம் கழித்து டிசி ஒரு வழக்கத்துக்கு மாறான இடத்தில் தலைகாட்டியது. பலமான மறையாக்கச் செய்நிரல்களை அப்போது அமெரிக்கச் சட்டம் ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருந்தது. அனுமதியில்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். 1995இல் அடம் பாக் என்பவர் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தைப் பேர்ள் மொழியில் ஒருசில வரிகளுக்குள் அடக்கிக் காட்டினார். ஆர்எஸ்ஏக்கு நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைப் பெருக்கி மீதி காணவேணும். அந்தப் பாரத்தை அவர் யார் தலையில் இறக்கினார் தெரியுமா? டிசியின் தலையில்தான். அந்த வரிகளை ரீசேட்டில் அச்சடித்து, 'இந்தச் சட்டை ஓர் ஆயுதம்' என்ற வாசகத்தோடு போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அரைப்பக்கக் கணக்கை ஆயுதம் என்று சொல்கிற சட்டத்தைக் கேலிசெய்ய அது போதுமாக இருந்தது.

இந்தக் கதையில் எங்களை உறுத்துவது வேறொன்று. யுனிக்ஸ் என்றதும் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்ற பெயர்கள் கடகடவென்று வரும். மொரிஸின் பெயர்கூட ஓரளவு தெரியும், 1988இல் இணையத்தை முடக்கிய புழுவை எழுதியது அவருடைய மகன் என்பதால்! லொரிண்டா செரி? கணிதச் சமன்பாடுகளை அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் 'ஈகியூஎன்' செய்நிரலை பிரயன் கேர்னிகனோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். எழுத்துநடையைச் சோதித்துப் பிழை சொல்லும் கருவிகளிலும் அவருடைய கை இருந்தது. 2022இல் இறந்துபோனார். எங்களில் கணினி படிக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை, பிசியைப் பாவித்தவர்களுக்குக்கூட.

1991இல் பிலிப் நெல்சன் குனூ திட்டத்துக்காகப் பிசியைப் புதிதாக எழுதினார். இன்று லினக்ஸ், மக், அன்ட்ரொயிட் என்று எதிலும் அதை ஓட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. முதல் தடவை 10ஐ 3ஆல் வகுத்தால் வெறும் 3 என்றுதான் சொல்லும். பிழை இல்லை. எத்தனை தசமதானம் வேண்டும் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு 2இன் 1000ஆம் வலுவைக் கேளுங்கோ. 302 இலக்கங்களையும், ஒன்று விடாமல், 376 என்று முடியும்வரை கொட்டும்.