கைப்பிடிச்சுவர்

தீபாவளி நெருங்கும் நாள்களில் சிவகாசிப் பகுதியில், "சாமி, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். போனால் பாவமா?" என்று நம்மிடம் கேட்போர் உண்டு. கட்டளைக்குப் பணிவதா, அதை மீறுவதா என்னும் இக்கேள்விக்கு யூத மக்கள் தம் குருதியையே விலையாகக் கொடுத்து விடை தேடினர்.

கி.மு. 167-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தியோக்கு மன்னன் யூத நெறியைத் தடைசெய்தான். பாலைநிலத்தில் மறைந்து வாழ்ந்தோரை அவன் படையினர் ஓய்வுநாளில் தாக்கினர். ஓய்வுநாளை மீறோம் என்று ஒரு கல்லையும் எறியாமல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். அதற்காகப் புலம்பியழுத மத்தத்தியா, ஓய்வுநாளில் தாக்கினாலும் எதிர்த்துப் போரிடுவோம் என்று தம் நண்பரோடு முடிவு செய்தார் (1 மக் 2:29-41). திருச்சட்டப் பற்றில் எவருக்கும் குறையாதவர் எடுத்த முடிவு இது.

உரோமையர் கொடுமை மிகுந்த கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், லித்தா நகரில் கூடிய ரபிமார் இதற்கு எல்லை வகுத்ததாகத் தல்மூது கூறுகிறது. உயிர் காக்கப் பிற கட்டளைகளை மீறலாம்; சிலைவழிபாடு, தகாத பாலுறவு, கொலை ஆகிய மூன்றை மட்டும் உயிரே போயினும் செய்யலாகாது. கட்டளைகள் தரப்பட்டது மனிதர் வாழ்வதற்கே, சாவதற்கன்று என்று லேவியர் 18:5-க்கு அவர்கள் பொருள் கண்டனர்.

உயிர் காக்கவென்றே தரப்பட்ட கட்டளையும் உண்டு. புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் விழுந்து இறப்பவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் (இச 22:8). உயிருக்கு ஊறு செய்யும் எதையும் அகற்றுவது கடமை என்று 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் இதை விரித்துரைத்தார்.

ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்னும் விதிகளே பட்டாசு ஆலையின் கைப்பிடிச்சுவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. உயிர் காக்க ஓய்வுநாளை மீறியவர் மத்தத்தியா. இலாபத்துக்காக இவ்விதிகளை மீறுபவர் அவரைத் துணைக்கு அழைக்க இயலாது.

குடும்பத் தேவை ஞாயிறு ஓய்வுக் கடமைக்கு விலக்காகலாம் என்பதே நம் திருஅவையின் மறைக்கல்வி (எண் 2185). எனவே, பசிக்காக வேலைக்குப் போகும் தாயை நாம் கடிந்துகொள்வதில்லை. "அந்த அறையில் எத்தனை பேர் இருப்பீர்கள், அம்மா?" என்றே கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர், நம் கோவில்களிலேயே அமர்ந்திருக்கும் முதலாளிகளும் போர்மேன்களும் அல்லவா?