துறைமுகப் பட்டினமும் சிறுவர் வாழ்த்து மடலும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலையும் கோட்டையையும் கப்பற்படையையுமே பெரிதும் பேசுவர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம், 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும்வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கியது. அத்தளத்தைச் சூழ்ந்த ஊரில், பண்டிகை நாட்களிலே பிள்ளைகள் தாளை மடித்துப் படம் வரைந்து உற்றார்க்கு அளித்த வாழ்த்து மடல் வரலாற்றுப் பொருளாகுமா என வினவுவோர் உளர். ஆகும் என்பதே எமது துணிபு.

அச்சிட்ட வாழ்த்து மடலின் வரலாறு, உண்மையைக் கூறின், நேரமின்மையிலே தொடங்குகிறது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்ததும் கடிதங்கள் பெருகின. அவற்றுக்கெல்லாம் தனித்தனி மறுமொழி எழுத இயலாத ஹென்றி கோல் என்பார், 1843இல் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு நத்தார் மடலொன்றை வரைவித்து அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். ஏழைக்கு எட்டாத விலை. குழந்தையொன்றுக்கு மது பருகக் கொடுப்பதாக அதில் வரைந்திருந்தமை மதுவிலக்காளரின் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. இலங்கையில் முதல் அஞ்சல் முத்திரை 1857இல் வெளிவந்தது. 1877இல் இந்நாடு உலக அஞ்சல் ஒன்றியத்திற் சேர்ந்தது. கடற்படைத் தளமாகிய இப்பட்டினம் இப்புதுவழக்கினைப் படையினர்க்கு வந்த தபால்களின் வாயிலாகக் கண்டிருக்கும் என ஊகிப்பது தவறாகாது.

ஆயினும் விலைக்கு வாங்கிய மடல் வேறு; பிள்ளை செய்த மடல் வேறு. முன்னையது அஞ்சலோடு வந்தது; பின்னையது பெரும்பாலும் பாடசாலைச் சித்திர வகுப்பிலே பிறந்தது. 1920 முதல் 1932 வரை இலங்கையிற் சித்திரக் கல்விப் பரிசோதகராயிருந்த வின்சர் ஊட்டிய ஆர்வம் தமிழ்ப் பகுதிகளிலும் பரவியது. அவர் பெயராலேயே எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகமொன்றை நிறுவினார். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்து அச்சிடுதலும், இலையைத் தாளில் வைத்துப் பற்தூரிகையால் வண்ணம் தெறித்தலும் இலங்கைப் பிள்ளைகள் பலரும் அறிந்த வித்தைகள். அவையே மடலுக்கு அணியாயின. கோதுமைமாவைக் காய்ச்சினாற் பசை ஆயிற்று.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. திருகோணமலைக்கு நத்தார்க் காலம் மாரிகாலம். வாடைக்காற்றிலே கடல் கொந்தளிக்கும், தாள் ஈரம் ஏறும், பசை காயாது. அக்காலத்தில்தான், பனிமழையை ஒருநாளும் கண்டிராத பிள்ளை, பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனிமூடிய கூரையை ஆக்குகிறது. மூன்று வாரம் கழிந்ததும் அதே கை கரும்பும் பானையும் ஞாயிறும் வரைந்து பொங்கல் மடல் செய்யும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் கலந்து வாழும் ஊராதலின் நோன்புப் பெருநாளும் வெசாக்கும் மடலுக்கு வாய்ப்பளித்தன. வெசாக் நாள் விடுமுறையானது 1885இல். வெசாக் மடல் செய்தல் இன்றும் பாடசாலைகளிற் பெருவழக்கு.

தாளுக்கும் வரலாறு உண்டு. வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்த வாழைச்சேனைக் காகித ஆலை கிழக்கு மாகாணத்திலேயே இருந்தது. எனினும் 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் காகிதம் அருமைப் பொருளாயிற்று. அந்நாளில் ஒரு பிள்ளை மடல் செய்தளித்தமை சிறு கொடையன்று. 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட, பளபளக்கும் மடல்கள் கடைகளை நிறைத்தன.

இவை யாவற்றினும் முதன்மையாக யாம் கருதுவது பிறிதொன்று. தொல்காப்பியம் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என வாழ்த்தினை வகுத்துரைக்கிறது. நம் வீடுகளிலோ மூத்தோர் வாழ்த்துவர், இளையோர் வணங்குவர். வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்பது இன்றும் மேடைவழக்கு. ஆனால் ஏழு வயதுப் பேரன் தன் கோணல் எழுத்தில் "அன்புள்ள அம்மம்மாவுக்குப் பொங்கல் வாழ்த்துக்கள்" என எழுதும்போது வாழ்த்து கீழிருந்து மேலே செல்கிறது. மரபு பேணுவோர் இதனைப் பிழையென்பர். அம்மம்மாமார் எவரும் அம்மடலைத் திருப்பி அனுப்பியதாக யாம் கேள்விப்பட்டதில்லை. குழந்தைக்கு வீட்டிலே ஒரு சொல்லுரிமை தோன்றியதற்கு இஃதொரு சான்று. சட்டங்களிலோ அறிக்கைகளிலோ இத்தகைய சான்று கிடையாது.

அச்சான்றுகளோ அழிந்து வருகின்றன. சுவடிக்கூடங்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை. வீட்டுப் பெட்டிகளே இவற்றுக்குச் சுவடிக்கூடம். 1983, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் மக்கள் வீடுகளை விட்டோடியபோது அப்பெட்டிகளை எடுத்துச் சென்றோர் எத்துணைப் பேர்? 2004 திசெம்பர் 26ஆம் நாள், நத்தாரின் மறுநாட் காலையிற் கடல் புகுந்த கரையோர வீடுகளில், முதல்நாள் அளித்த மடல்களும் போயிருக்கும். எஞ்சியவற்றைக் காண நேரும் மாணவர், மடலின் படத்தை மட்டும் பார்த்தமையாது, செய்த பிள்ளையின் வயது, தாளின் வகை, யாருக்கு எழுதியது, எத்தனை ஆண்டு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பனவற்றையும், வைத்திருந்தவர் உயிரோடிருக்கையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.