கிளாஸ்கோவில் மாறிய ஒரு சொல்

கோடை வந்தால் வெயில் செய்தியில் நம் திருத்தணி பெயர் தவறாமல் வருகிறது. முருகன் கோயிலின் 365 படிகளை மதியத்தில் வெறுங்காலோடு ஏறியவர்களுக்குத் தெரியும்.

2021 நவம்பர் 13, கிளாஸ்கோ பருவநிலை மாநாடு. நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக 'ஒழிப்போம்' என்ற வரியை, கடைசி நேரத்தில் 'குறைப்போம்' என்று மாற்ற வைத்தது இந்தியா. தீவு நாடுகள் மனம் நொந்தே ஒப்புக்கொண்டன. தலைவர் அலோக் சர்மா (ஆக்ராவில் பிறந்தவர்!) மன்னிப்புக் கேட்டார், குரல் தழுதழுத்தது.

முன்னேறிய நாடுகளே முன்கை எடுக்க வேண்டும் என்று 1992-லேயே ரியோவில் கையெழுத்தானது. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகவும் சொன்னார்கள்; தவணை தவறியது. ஆகவே நம் பிடிவாதத்தில் நியாயம் உண்டு என்பேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.