இணுவில் வேலியும் பத்து வருடக் கணக்கும்

யாழ்ப்பாணத்தாரைப் பற்றிய பகிடிகளில் வேலிச் சண்டைக்குத் தனி இடம் உண்டு. ஒரு முழ நிலத்துக்காக மிச்சக் காணியையும் விற்று வழக்காடுவினம் எண்டு சொல்லிச் சிரிப்பம். கணக்குப் பார்த்தால் சிரிப்பு நியாயம்தான். 100 அடி நீள வேலியை ஓரடி அரக்கிப் போட்டால் கிடைக்கிறது 100 சதுர அடி. ஒரு பரப்பு எண்டால் 18 குழி, ஏறத்தாழ 2722 சதுர அடி. ஆக, அரக்கினது ஒரு குழிகூட இல்லை.

அப்ப ஏன் இவ்வளவு சண்டை? அதுக்கு முதல் வேலி எண்டால் என்ன எண்டு பார்க்க வேணும்.

இணுவில் போன்ற வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் பழைய வேலி உயிருள்ள வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவினம். குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகும். ஓலை உக்கும், கறையான் அரிக்கும், கதியால் பட்டுப்போகும். திரும்பத் திரும்ப அடைக்க வேணும். பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதுசு நடேக்கை அது நாலு விரல் அங்காலை போறதும் இங்காலை வாறதும் நடுறவரின்ரை கையிலைதான். அதாலை வேலி அடைக்கிற நாளிலை பக்கத்து வளவுக்காரரும் வந்து நிப்பினம். எல்லை உறுதியிலை மட்டும் இருக்கேல்லை. இரண்டு பேரின்ரை கண்ணிலையும் இருந்தது. சீதனமாகவும் முதுசமாகவும் காணி பிரியப் பிரிய, வேலிகளும் கூடின.

சட்டமும் இதைக் கவனித்தது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாண வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் கையளித்தார். 12 முதலியார்கள் அதைப் பரிசீலித்தார்கள். 1806 இல் ஆங்கிலேயர் அதையே சட்டமாக்கினர். அதுதான் தேசவழமை. எல்லையோரம் நட்ட மரம் வளைந்து அயல் காணிக்கு மேலே போனால் பலன் யாருக்கு என்பது வரை அதில் பேசப்படுகிறது. காணி விற்கிறவர் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், அந்தக் காணியை ஈடாக வைத்திருக்கும் அயல்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேணும் என்றும் இருந்தது. இதைப் பெருமையாக மட்டும் சொல்லிப்போட்டுப் போக ஏலாது. மனிதரை அடிமையாக வைத்திருக்கிறதுக்கும் அதே தொகுப்பில் விதிகள் இருந்தன. வேலியை அடைத்த கைகள் பல, சொந்தமாக ஒரு குழியும் இல்லாதவர்களின் கைகள்.

பிறகு அயலவரின் இடம் சுருங்கியது. 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் பங்காளியையும் உரித்தாளரையும் வைத்துக்கொண்டு, அயல்காணிக்காரரை விட்டுவிட்டது. 1871 ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டமோ வேறொரு கணக்கை முன்பே கொண்டுவந்திருந்தது: ஒருவர் ஒரு நிலத்தைத் தடையின்றி, உரிமைக்காரருக்கு எதிராக, 10 வருடம் ஆண்டுவந்தால் அதற்கு உரித்துக் கோரலாம். ஒரு குழிக்கும் குறைவான நிலத்துக்குச் சனம் ஏன் உடனே சத்தம் போட்டது எண்டதுக்கு மறுமொழி இதுதான். பேசாமல் இருந்தால் அது சம்மதமாகிப்போகும் எண்ட பயம்.

ஆனால் சத்தம் போட ஆள் ஊரில் இருக்க வேணுமே. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. சிலர் மாதங்களில் திரும்பினர். சிலர் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் நின்றுவிட்டார்கள். வேலி பார்க்க இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒருவர், அல்லது ஒருவருமில்லை. 10 வருடக் கணக்கு மட்டும் நிக்காமல் ஓடியது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம்தான், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது. அந்தச் சலுகைக்கும் ஆயுள் இரண்டு வருடம்தான்.

இண்டைக்கு கதியால் போய் மதில் வருகுது. மதில் ஒருக்கால் எழும்பினால், பிழையும் சீமெந்தோடை இறுகிப்போகும். அதனால் அத்திவாரம் வெட்ட முதல் செய்ய வேண்டியது சிலது இருக்கு. இரண்டு பக்க உறுதியையும் பழைய வரைபடத்தையும் எடுத்து வையுங்கோ. நில அளவையாளரை இரண்டு வீடும் சேர்ந்து கூப்பிடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் கூப்பிட்டு வைக்கிற கல்லை மற்றப் பக்கம் நம்பாது. வெளிநாட்டில் இருக்கிறவருக்குக் கல்லு நடமுதல் அறிவியுங்கோ. எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கேக்கையே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லி எழுதி வையுங்கோ.

ஒத்துவராவிட்டால் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கு. அது தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. கைகலப்பு வரும் எண்ட நிலையில் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே முக்கியமாகப் பார்க்கிறது ஆர் வைத்திருந்தது எண்டதை. ஆருக்குச் சொந்தம் எண்டு முடிவாகச் சொல்ல மாட்டினம். முந்தின இரண்டு மாதத்துக்குள் பறிபோயிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். உரித்து வழக்கு அதுக்குப் பிறகும் மிச்சம் இருக்கும்.

பழைய வேலியை ஒவ்வொரு முறை அடைக்கேக்கையும் அயலவர்கள் இரண்டு பேரும் எல்லையிலை நிண்டு கதைக்க வேண்டியிருந்தது. மதிலுக்கு அந்தக் கதை ஒரே ஒருக்கால்தான் தேவை. அந்த ஒருக்காலையாவது விடாமல் கதைச்சுப்போட்டுக் கட்டுவம்.